‘நீல்’ என்றாலே மண்டியிடுவதா?

வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதும் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முழங்காலைக் குறிக்கும் ‘நீ’ என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடர்புடைய ‘நீல்’ என்னும் வினையை எங்கே கண்டாலும் ‘மண்டியிடு’ என்றே எழுதிவந்தேன். எங்கள் மூத்த ஆசிரியர் சில இடங்களில் அதை அடித்துவிட்டு ‘முழங்காலிட்டார்’ என்றும், சில இடங்களில் ‘முழங்காலை ஊன்றி’ என்றும் திருத்துகிறார். அகராதியில் எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தானே தரப்பட்டிருக்கிறது? அவர் திருத்துவதற்குக் காரணம் உண்டா?

பதில்: உண்டு, திருத்துபவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ‘நீல்’ என்னும் வினை உடலின் ஒரு நிலையை மட்டுமே சொல்கிறது. ஒரு முழங்காலோ இரண்டு முழங்கால்களுமோ தரையிலோ வேறொரு பரப்பிலோ ஊன்றியிருக்க, உடலின் பாரம் அவற்றின்மேல் தங்கினால் அதற்குப் பெயர் ‘நீல்’. களை பறிப்பவர், தரையில் ஓடு பதிப்பவர், குழந்தையின் காலணிக் கயிற்றை முடிந்துவிடும் தாய், அடிபட்டவரின் அருகே அமர்ந்து நாடி பார்க்கும் மருத்துவர், வழிபடுபவர், அரசர் முன் பட்டம் பெறுபவர் ஆகிய அனைவருக்கும் ஆங்கிலம் இந்த ஒரே வினையைத் தயக்கமின்றிக் கொடுக்கிறது. பணிவோ, தோல்வியோ, மன்றாட்டோ அச்சொல்லுக்குள் இல்லை. அவற்றைச் சூழலும், வினையை அடுத்து வரும் சிறு சொற்களும் கொண்டுவந்து சேர்க்கின்றன.

தமிழில் ‘மண்டியிடு’ என்பதற்கும் அடிப்படைப் பொருள் இதுதான் என்றாலும், மேடைப் பேச்சும் செய்தித் தலைப்பும் அதை நீண்ட காலமாக வேறு வேலைக்குப் பழக்கிவிட்டன. ‘மிரட்டலுக்கு மண்டியிட மாட்டோம்’, ‘அதிகாரத்தின் முன் மண்டியிட்டார்’ என்று கேட்டுக் கேட்டு, அச்சொல்லைக் கண்டதும் முழங்காலைவிடச் சரணடைதலே நம் நினைவுக்கு முதலில் வருகிறது. ஆகவே ‘தாய் மண்டியிட்டுக் குழந்தையின் காலணியைக் கட்டிவிட்டாள்’ என்று எழுதினால், இலக்கணப் பிழை எதுவும் இல்லாவிட்டாலும், அத்தாய் எதற்கோ தோற்றுவிட்டதைப் போல ஒரு தொனி வந்துவிடுகிறது. ‘முழங்காலை ஊன்றி’ என்று எழுதியவர் அந்தத் தொனியைத் தவிர்க்கிறார். ‘முழங்காலிட்டார்’ என்பது வழிபாட்டுக்கும் மரியாதைக்கும் பொருந்தி வருகிறது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் வரும் ‘முழங்காற்படியிட்டு’ என்ற வடிவமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். இன்றைய செய்தி நடையில் அது பொருந்தாவிட்டாலும் இறைவேண்டலைச் சொல்லும் இடத்தில் அதன் கண்ணியம் குறையவில்லை.

இதற்கு ஒரு வரலாற்று எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 1970 டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவர் வில்லி பிராண்ட், வார்சா நகரில், நாஜிகளின் ஆட்சியில் கிளர்ந்தெழுந்து மடிந்த யூதர்களின் நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைத்தபின், யாரும் எதிர்பாராத வகையில் ஈரத் தரையில் இரண்டு முழங்கால்களையும் ஊன்றிச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். ஆங்கிலச் செய்திகள் அதை ‘நீல்’ என்ற வினையின் இறந்தகால வடிவத்தால் குறித்தன. ‘போலந்தில் பிராண்ட் மண்டியிட்டார்’ என்று தமிழில் தலைப்பிட்டால், ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் பணிந்துபோன செய்தியாக அது மாறிவிடும். அவர் செய்தது இறந்தவர்களின் முன் தலைவணங்கியது. ஆகவே ‘முழங்காலிட்டு அஞ்சலி செலுத்தினார்’ என்பதே நடந்ததைச் சொல்லும் தமிழ்.

வினைக்குப் பின்னால் வரும் சிறு சொற்களைக் கவனித்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ‘நீல் டவுன்’ என்பதில் வரும் ‘டவுன்’ கீழே இறங்கும் அசைவை அழுத்திக் காட்டுகிறது, பொருளை மாற்றுவதில்லை. ‘பிசைட்’ வந்தால் பக்கத்தில் என்பதோடு சரி. ‘பிஃபோர்’ வந்தால் எதிரே என்ற இடப்பொருளும் இருக்கலாம், வணக்கப் பொருளும் இருக்கலாம்; எதிரே இருப்பது அடுப்பா அரியணையா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ‘டு’ வந்தால் இடப்பொருள் ஏறக்குறைய மறைந்து, ஒருவருக்குப் பணிதல் அல்லது ஒன்றை வழிபடுதல் என்ற பொருளே மிஞ்சும். பணிதலைச் சொல்லும் இடத்தில் ‘மண்டியிட்டார்’ என்று தாராளமாக எழுதலாம். ‘ஆன்’ என்ற சொல்லில்தான் மிகுந்த கவனம் வேண்டும். மெத்தையின்மேல் முழங்காலூன்றுவதற்கும் அதே ‘ஆன்’, ஒரு மனிதரை முழங்காலால் அழுத்துவதற்கும் அதே ‘ஆன்’. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தின்மேல் ஒரு காவலர் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக முழங்காலை அழுத்தி வைத்திருந்து அவருடைய உயிரைப் போக்கியதையும் ஆங்கிலம் இந்த வினையாலேயே சொன்னது. அதை ‘கழுத்தின்மீது மண்டியிட்டார்’ என்று மொழிபெயர்த்தால், கொன்றவருக்கு ஒரு பக்தனின் தோரணை வந்துவிடும். அங்கே ‘கழுத்தை முழங்காலால் அழுத்தினார்’ என்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: இதன் இறந்தகாலம் ‘நெல்ட்’ என்று கற்றுக்கொண்டேன். அண்மையில் ஓர் அமெரிக்க நாளிதழில் ‘நீல்ட்’ என்று, அதாவது வழக்கமான ‘ஈடி’ விகுதியோடு, பார்த்தேன். அச்சுப் பிழையா?

பதில்: பிழையில்லை. இரண்டு வடிவங்களையும் அகராதிகள் ஏற்கின்றன. பிரிட்டிஷ் எழுத்தில் ‘நெல்ட்’ என்பதே பெரும்பாலும் வரும். அமெரிக்க எழுத்தில் அதனுடன் ‘நீல்ட்’ என்பதும் கூடுதலாகப் புழங்குகிறது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

இதில் பலரும் தலைகீழாக நினைக்கும் ஒரு செய்தி உண்டு. ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற இறந்தகால வடிவம் என்றால் அது பழையது என்றும், ‘ஈடி’ சேர்ந்த வடிவம் பிற்காலத்து எளிமை என்றும் பொதுவாகக் கருதுகிறோம்; பல வினைகளுக்கு அது உண்மையும்கூட. இந்த வினையில் நடந்தது எதிர்மாறு. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் ஆங்கில விவிலியத்தில் தானியேல் நாள்தோறும் மூன்று வேளை முழங்காற்படியிட்டதைச் சொல்லும் இடத்திலும், இயேசு கல்லெறி தூரம் விலகிச் சென்று வேண்டிய இடத்திலும் ‘நீல்ட்’ என்ற வடிவமே இருக்கிறது. ‘நெல்ட்’ என்பது ‘ஃபீல்’ என்பதற்கு ‘ஃபெல்ட்’, ‘டீல்’ என்பதற்கு ‘டெல்ட்’ என்ற வினைகளின் சாயலைப் பார்த்துப் பிறகு உருவாகி, 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலாக வேரூன்றியது. எனவே ‘நீல்ட்’ என்று எழுதும் அமெரிக்கரைப் பார்த்து இலக்கணம் அறியாதவர் என்று சொல்வோர், தம்மை அறியாமலேயே நானூறு ஆண்டுப் பழைய வழக்கைக் குறைசொல்கிறார்கள்.

இலக்கணம் பற்றிப் பேச்சு வந்ததால் மேலும் இரண்டு செய்திகளைச் சேர்த்துவிடுகிறேன். முதலாவது, இது செயப்படுபொருள் ஏற்காத வினை. ‘முழங்காலை மடக்கினான்’ என்று தமிழில் ‘ஐ’ உருபோடு சொல்லிப் பழகிய நாம், ஆங்கிலத்திலும் வினையை அடுத்துக் காலையோ முழங்காலையோ வைக்க நினைப்போம், அது தவறு. ஒருவரை முழங்காலிடச் செய்தார்கள் என்று சொல்ல ‘மேட் ஹிம் நீல்’ என்று துணைவினை சேர்த்துத்தான் எழுத வேண்டும். விதிவிலக்காக, பேருந்துத் தொழிலில் மட்டும் இதைச் செயப்படுபொருளோடு கேட்கலாம்: முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் ஏறுவதற்கு வசதியாக முன்பக்கப் படியைத் தாழ்த்திக் கொடுக்கும் பேருந்துக்கு ‘நீலிங் பஸ்’ என்று பெயர்; அப்படித் தாழ்த்துவதை ஓட்டுநர் பேருந்தை ‘நீல்’ செய்வதாகவே அத்தொழிலில் சொல்கிறார்கள்.

இரண்டாவது செய்தி மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிட முக்கியமானது. ‘வாஸ் நீலிங்’ என்று தொடர்வினை வடிவம் வந்ததும் ‘மண்டியிட்டுக்கொண்டிருந்தான்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால், அவன் எழுந்து எழுந்து மறுபடி மறுபடி கால் மடக்குவதுபோல ஆகிறது. ‘வாஸ் சிட்டிங்’ என்பதை ‘உட்கார்ந்திருந்தான்’ என்றுதானே எழுதுகிறோம்? ஒரு நிலையில் இருப்பதைக் குறிக்கும் வினைகளுக்குத் தமிழில் ‘இரு’ என்ற துணைவினையே போதும். ‘முழங்காலிட்டிருந்தான்’ அல்லது ‘முழங்காலில் நின்றிருந்தான்’ என்று எழுதுங்கள். ‘நெல்ட்’ என்ற ஒற்றை வடிவம் கால் மடக்கிய செயலையும் குறிக்கும், மடக்கியபடி இருந்த நிலையையும் குறிக்கும் என்பதால், எது என்று முன்பின் வாக்கியங்களைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: விளையாட்டுச் செய்திகளில் ‘டேக் த நீ’, ‘டேக் அ நீ’ என்று இரண்டு விதமாக வருகிறது. வீரர்கள் ஆட்டத்துக்கு முன் இப்படிச் செய்வது மரியாதையா, எதிர்ப்பா? ‘பென்ட் த நீ’ என்பதும் இதுதானா?

பதில்: முதல் இரண்டும் ஒன்றே, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுவது; ‘அ’ என்பது அமெரிக்க வழக்கு, ‘த’ என்பது பிரிட்டிஷ் வழக்கு. மூன்றாவது முற்றிலும் வேறு. ‘பென்ட் த நீ’ என்றால் ஒருவரைத் தலைவராக ஏற்று அடங்குவது. முன் சொன்ன ‘மண்டியிட்டார்’ என்பதற்கு நேரான தொடர் அதுதான்.

‘டேக் அ நீ’ என்பது அமெரிக்கக் கால்பந்தில் வழங்கிவந்த சாதாரணத் தொடர். பந்தை வைத்திருப்பவர் தாமாகவே ஒரு முழங்காலைத் தரையில் வைத்து அந்த முறை ஆட்டத்தை முடித்துக்கொள்வதற்கும், காயம்பட்ட வீரருக்காக மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்திக் காத்திருப்பதற்கும் அதுவே பெயர். அதற்கு அரசியல் பொருள் வந்தது 2016இல். கறுப்பினத்தவர் மீதான காவல்துறை வன்முறையைக் கண்டித்து, சான் பிரான்சிஸ்கோ அணியின் வீரர் காலின் கேப்பர்னிக் நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோது எழுந்து நிற்காமல் முதலில் அமர்ந்தே இருந்தார். அப்போது நேட் பாயர் என்ற முன்னாள் படைவீரர், உயிர்நீத்த தோழர்களின் கல்லறை முன் படைவீரர்கள் ஒரு முழங்காலில் நின்று மரியாதை செலுத்தும் வழக்கத்தை எடுத்துச் சொல்லி, அமர்ந்திருப்பதைவிட அது மேலானது என்று அவருக்கு ஆலோசனை கூறினார். செப்டம்பர் 1 அன்று நடந்த ஆட்டத்தில் கேப்பர்னிக் முழங்காலிட்டார். ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: இரண்டும்தான். எதிர்ப்பைச் சொல்வதற்கே மரியாதையின் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் அதே செயலை நாட்டுக்கு அவமதிப்பு என்று கொண்டவர்களும் அமெரிக்காவில் ஏராளமாக இருந்தார்கள்.

2020 ஜூனில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து மீண்டும் தொடங்கியபோது வீரர்கள் ஆட்டத்துக்கு முன் முழங்காலிட்டார்கள். 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் இருபது ஓவர் உலகக் கோப்பையில் பாகிஸ்தானை எதிர்கொண்ட இந்திய அணியினரும் அவ்வாறே செய்தார்கள். ‘டேக்’, ‘பென்ட்’ இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஆங்கிலேயர்களுக்கே குழப்பம் தருவது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2020 ஜூனில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த டொமினிக் ராப், இவ்வழக்கம் ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்ததாகத் தமக்குத் தோன்றுகிறது என்றும், இது அடிமைத்தனத்தின் அடையாளமாகத் தமக்குப் படுகிறது என்றும், அரசிக்கும் தம் மனைவிக்கும் மட்டுமே தாம் முழங்காலிடுவதாகவும் வானொலியில் கூறிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். ‘டேக்’ என்ற வினையை அவர் ‘பென்ட்’ என்று கேட்டுக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். நம் செய்தியாளர்கள் ‘வீரர்கள் மண்டியிட்டனர்’ என்று எழுதும்போது அமைச்சரின் அதே சறுக்கலைத் தமிழில் செய்கிறார்கள். ‘ஒரு முழங்காலில் நின்று இனவெறிக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்று எழுதினால் நீளம்தான். ஆனால் யார் யாரிடம் பணிந்தார்கள் என்று வாசகர் குழம்பத் தேவையிருக்காது.

கேள்வி: மூட்டு வலிக்காகப் பார்த்த மருத்துவர் ‘நீலிங்’, ‘ஸ்குவாட்டிங்’ இரண்டையும் தவிர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டும் ஒன்றில்லையா?

பதில்: ஒன்றில்லை. ‘ஸ்குவாட்’ என்பது குந்துதல். பாதங்கள் தரையில் பதிந்திருக்க, முழங்கால்கள் மடங்கி மேலே நிற்கும், தரையைத் தொடாது. ‘நீல்’ என்பதில் முழங்காலே தரையில் ஊன்ற வேண்டும். முன்னதில் மூட்டு முழுவதும் மடங்குவதால் அதன் உள்ளே அழுத்தம் கூடுகிறது. பின்னதில் முழங்கால் சில்லுக்கு முன்னும் கீழும் உள்ள மென்பகுதி நேரடியாக நசுங்குகிறது. நெடுநேரம் முழங்காலிட்டு வேலை செய்பவர்களுக்குச் சில்லின் முன்புறமுள்ள நீர்ப்பை வீங்குவதை ஆங்கில மருத்துவத்தில் ‘ஹவுஸ்மெய்ட்ஸ் நீ’ என்றும், சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள பை வீங்குவதைக் ‘கிளர்ஜிமேன்ஸ் நீ’ என்றும் சொல்வார்கள். பணிப்பெண் முன்னே சாய்ந்து தரை துடைக்கிறார். பாதிரியார் நிமிர்ந்து முழங்காலிட்டு வேண்டுகிறார். பாரம் விழும் இடம் மாறுவதால் நோயின் பெயரும் மாறிவிட்டது. உங்களுக்கு எவ்வளவு காலம் தவிர்க்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘ஜெனுஃப்ளெக்ட்’, ‘கௌடௌ’ ஆகிய வினைகளும் அகராதியில் இதே இடத்துக்கு அழைத்துச் செல்கின்றன. வேறுபாடு என்ன?

பதில்: ‘ஜெனுஃப்ளெக்ட்’ லத்தீனில் முழங்காலையும் மடக்குதலையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்தது. தேவாலயத்தில் ஒரு முழங்காலை, பெரும்பாலும் வலது முழங்காலை, தரையில் தொட்டு உடனே எழுவதை மட்டுமே அது குறிக்கும். அரை மணி நேரம் முழங்காலிட்டிருந்தார் என்பதற்கு அதைப் பயன்படுத்த முடியாது.

‘கௌடௌ’ சீனத்திலிருந்து வந்தது; முழங்காலிட்டு நெற்றி தரையில் படும்படி வணங்குவது. சீனப் பேரரசர் முன் மூன்று முறை முழங்காலிட்டு ஒன்பது முறை நெற்றியைத் தரையில் வைப்பது முழுமையான முறை. 1793இல் பிரிட்டனின் தூதராகச் சென்ற மக்கார்ட்னி பிரபு இதற்கு இணங்க மறுத்து, தம் அரசர் முன் செய்வதைப்போல ஒரு முழங்காலை மட்டும் மடக்கினார் என்பது பிரிட்டிஷ் தரப்பின் பதிவு. இன்றைய ஆங்கிலத்தில் இவ்வினை பெரும்பாலும் உடலோடு தொடர்பின்றியே வருகிறது. அப்போது மேலிடத்துக்குக் கூழைக்கும்பிடு போடுவது என்ற இழிவான பொருள்தான்.

கேள்வி: குற்றச் செய்தி ஒன்றில் ஒருவர் மற்றவரை ‘நீட்’ செய்ததாகப் படித்தேன். முழங்காலிட வைத்தார் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. அங்கே பெயர்ச்சொல்லான ‘நீ’ அப்படியே வினையாகியிருக்கிறது. முழங்காலால் இடித்தார் அல்லது உதைத்தார் என்று பொருள். செயப்படுபொருள் கட்டாயம் வரும்; ‘இன் த ஸ்டமக்’ என்று இடிபட்ட இடமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஷேக்ஸ்பியர் காலத்தில் இதே சொல் முழங்காலிடுவதையும் குறித்தது: லியர் மன்னன் நாடகத்தில், அரியணை முன் முழங்காலிடுவதை அவர் ‘நீ’ என்ற வினையாலேயே சொல்கிறார். அந்த வழக்கு இப்போது இல்லை.

கேள்வி: ‘நீ’, ‘நீல்’ ஆகிய ஆங்கிலச் சொற்களின் எழுத்தில் முதலில் ‘கே’ இருந்தும் ஏன் ஒலிப்பதில்லை?

பதில்: பழைய ஆங்கிலத்தில் ஒலித்தார்கள், 17ஆம் நூற்றாண்டில் அவ்வொலி மறையத் தொடங்கியது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. கத்தியைக் குறிக்கும் ‘நைஃப்’, முடிச்சைக் குறிக்கும் ‘நாட்’ ஆகியவற்றுக்கும் இதே கதைதான். ஜெர்மானியர்கள் முழங்காலை இன்றும் ‘க்னீ’ என்று ககரம் ஒலிக்கவே சொல்கிறார்கள். லத்தீனில் ‘ஜெனு’, சமஸ்கிருதத்தில் ‘ஜானு’ என்று இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே குடும்பம். கைகள் முழங்கால்வரை நீண்டவரை ‘ஆஜானுபாகு’ என்று நாம் சொல்லும்போது, ஆங்கிலத்தில் ஒலியிழந்து நிற்கும் ‘கே’ எழுத்தின் உறவு ஒன்று நம் வாயில் ஜகரமாக வந்துபோகிறது.

கேள்வி: ‘வேலைநிறுத்தம் நகரத்தை மண்டியிட வைத்தது’, ‘அரசின் முழங்கால் அதிர்வு நடவடிக்கை’ என்றெல்லாம் தமிழில் வருகிறதே, இவை ஏற்கத்தக்கவையா?

பதில்: இல்லை. ஆங்கிலத்தில் ஒரு நகரத்தை முழங்கால்களுக்குக் கொண்டுவருவது என்றால் அதை முடக்கிப்போடுவது. ‘வேலைநிறுத்தத்தால் நகரம் முடங்கியது’ என்பது போதும். ‘நீ ஜெர்க்’ என்பது சில்லுக்குக் கீழே தசைநாரைத் தட்டினால் கால் தானாக உதறுவதைக் குறிப்பது. 1875இல் எர்ப், வெஸ்ட்பால் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் தனித்தனியே அதை விவரித்தார்கள். தண்டுவடத்தின் அளவிலேயே நடந்து முடிந்துவிடும் அந்த அசைவுக்கு மூளையின் ஆணை தேவையில்லை என்பதால், சிந்திக்காமல் செய்யும் காரியத்துக்கு அது பெயராகிவிட்டது. ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எடுத்த நடவடிக்கை’ என்று எழுதுங்கள். முழங்காலை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம்.